மென்னானாவிடம் 'வாகா' செல்லாது

எங்கள் ஊர் ஹம்மாமில், அதாவது பெண்கள் வாராவாரம் கூடிக் குளிக்கும் வெந்நீர்க் கூடத்தில், முன்பக்கம் மூடிய ரப்பர் செருப்போடு நிற்கிற ஒரே ஆள் மென்னானாதான். மற்றவர்கள் வெறுங்காலோடு ஈரத்தில் அளைந்துகொண்டிருப்பார்கள். இவள் மட்டும் போலீஸ்காரர் மாதிரி டக் டக்கென்று நடந்து வருவாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவளின் உள்ளங்காலை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மென்னானா முதுகு தேய்க்க உட்காருவாள்.

அந்தச் செருப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் அதிகம் அசடு வழிந்தவள் நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷாமா. சுகாதார நிலையத்தில் நர்ஸ். பதினேழு வருஷமாக இந்த ஊரில் ஊசி போடுகிறேன், கட்டுக் கட்டுகிறேன், கத்துகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அட்லஸ் மலையின் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மென்னானா மேலே மலைக் கிராமத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். கிணறு வெட்டப் போன புருஷன் மண் சரிந்து செத்தபோது அவளுக்கு முப்பது. இரண்டு பெண் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தவள், நேராக ஹம்மாமுக்குப் போய், "அழுக்குத் தேய்க்க ஆள் வேணுமா?" என்று கேட்டாளாம். அன்று கையில் மாட்டிய கரடுமுரடான உறையை இருபத்துநாலு வருஷமாகக் கழற்றவில்லை. ஊரில் எந்தப் பெண்ணின் உடம்பும் அவள் கைக்குப் புதிதல்ல. யாருக்குக் கர்ப்பம், யாரைப் புருஷன் அடிக்கிறான், யாருக்குப் பழைய தழும்பு, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. தோலுக்கு அடியில் பயறளவு கட்டி இருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். இரண்டு பெண்களை அப்படி மார்பில் கட்டி என்று என்னிடம் அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேரும் இன்றைக்கும் உயிரோடு இருந்து என்னோடு சண்டை போடுகிறார்கள்.

ஊரார் உடம்பையெல்லாம் தெரிந்த இவளுக்குத் தன் உடம்பு மட்டும் கண்ணில் படாது. ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவாள். நான் மூச்சு விடாமல் சொல்வேன்: இனிப்பு கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது. கடைசியில், 'லல்லா' என்று மரியாதையாகவே கூப்பிட்டு, "புரிஞ்சுதா, லல்லா மென்னானா?" என்பேன்.

"வாகா, கண்ணு. வாகா."

இந்த ஊரில் 'வாகா' என்றால் சரி என்று அர்த்தம். புரிந்தது என்று அர்த்தமில்லை. செய்வேன் என்றும் அர்த்தமில்லை. நீ நல்லவள், பாவம், கத்திக் கத்தித் தொண்டை காய்ந்துவிட்டது, இதோடு விட்டுவிடு என்று அர்த்தம். பதினேழு வருஷத்தில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 'வாகா' என்றதும் பேரேட்டில் 'அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்திவிடுவேன்.

ஒரு குளிர்காலத்தில், ஹம்மாம் வாசலில் துணிக்கும் வாளிக்கும் காவல் உட்காருகிற ஹத்தா, மென்னானாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று என்னிடம் இழுத்து வந்தாள்.

"இவ நடந்து போற எடத்துல எல்லாம் தரையில மஞ்சளா ஒட்டுது, ஷாமா. கேட்டா மருதாணிங்கறா. மருதாணி என்னைக்கு நாறிச்சு?"

இடது உள்ளங்கால் பூராவும் கெட்டியாக மருதாணி. பாதம் வெடித்தால் மருதாணி பூசுவது எங்கள் பெண்களின் வழக்கம், நான்கூடப் பூசுகிறவள்தான். துடைத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே அவரைக்கொட்டை அளவு குழி. ஓரமெல்லாம் கறுப்பு. உள்ளே சீழ். அடுப்புக்கு மேலே இருக்கிற ஹம்மாமின் கொதிக்கும் தரையில் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறாள். சுட்டதே தெரியவில்லை.

"வலிக்கலையா?"

"வலிச்சா வந்திருக்க மாட்டேனா?"

அன்றைக்கே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வயதான ஒரு டாக்டர் காலைப் பார்த்தார், படம் எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஆறு வாரம் தர்றேன். ஆபரேஷனுக்குத் தேதி போட்டு வைக்கிறேன். அதுக்குள்ள ஆறலைன்னா பெருவிரலும் முன்பாதமும் போகும்" என்றார்.

வெளியே வந்ததும் மென்னானா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முன்பாதம் இல்லாம ஈரத் தரையில குந்த முடியுமா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். அழுக்குத் தேய்க்கிறவள் நாள் முழுக்கக் குந்தித்தான் வேலை செய்ய வேண்டும். மகள்களின் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்வதற்குப் பதில் மலையிலேயே செத்திருப்பேன் என்று பலமுறை சொன்னவள் அவள். "பார்க்கலாம், லல்லா" என்றேன். மனதுக்குள், இந்தக் காலை நான் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, தலைநகரத்திலிருந்து வந்த வண்ணப் படத் தாளையும் கையில் திணித்து, ஒரே மூச்சில் பத்து விஷயம் சொன்னேன். முக்கியமாக, காலை நனைக்கவே கூடாது. "புரிஞ்சுதா?" "வாகா."

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தேன். காயம் பெரிதாகி, சுற்றிலும் தோல் ஊறி வெளுத்து, நாள்பட்ட ரொட்டியைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை மேஜையில் எறிந்தேன்.

"நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க. நான் போன வாரம் என்னதான் சொன்னேன்?"

திட்டுவதற்காகத்தான் கேட்டேன். அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"நெறைய சொன்னே. கோவமா இருந்தே. கால நனைக்காதேன்னே."

"அப்புறம்?"

"நனைக்கவே இல்ல, கண்ணு. ரெண்டு பிளாஸ்டிக் பையை எடுத்து முழங்கால் வரைக்கும் இறுக்கிக் கட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒரு சொட்டு உள்ள போகல."

எட்டு மணி நேரம், அந்த ஆவியில், பைக்குள் கால். அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவுமில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். காலைக் கெடுத்தது என் வாய்தான். பத்து விஷயத்தில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று. அதையும் அரைகுறையாகச் சேர்த்தவள் நான். அவமானமாக இருந்தது.

மறுநாள் கட்டு மாற்ற அவள் வீட்டுக்கே போனேன். தேநீர் போட்டாள். கூம்புச் சர்க்கரையைச் சின்னச் சுத்தியலால் தட்டி, கைப்பிடி அளவு ஒரு பாளத்தைக் கெண்டியில் போட்டாள். எனக்கு ஒரு கிளாஸ், தனக்கு ஒரு கிளாஸ்.

"சர்க்கரைய விட்டுட்டீங்களா, லல்லா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆறு வருஷமாச்சே. நோய் வந்த அன்னைக்கே விட்டேன். கையால தொடறதில்ல."

"அப்ப இது?"

"இது டீ."

நான் சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. எங்கள் பேச்சில் நோய்க்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர். ஆனால் தேநீரில் போடுவதை யாரும் சர்க்கரை என்று நினைப்பதில்லை. அது தேநீரின் பாகம், தண்ணீர் மாதிரி. "இதுல போட்டீங்களே, அது எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அட கண்றாவியே" என்றாள்.

அன்றைக்கு அங்கேயே முடிவெடுத்தேன். இனி நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அதையும் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னால் போதாது. எனக்கென்றால் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவாள். ஹத்தாவுக்குச் சொல்ல வேண்டும். ஹத்தாவுக்கு எதையும் மூன்று தடவை சொன்னால்தான் ஏறும். ஹத்தா தலையாட்டினால் செல்லாது. அவளும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'வாகா' என்று யார் சொன்னாலும் முதலிலிருந்து ஆரம்பம்.

"இதென்ன பள்ளிக்கூடமா?" என்று முனகினாள் மென்னானா.

"கால் வேணுமா வேணாமா?"

"கால் வேணும்."

"அப்ப பள்ளிக்கூடந்தான்."

முதல் பாடம், நனையாமல் இருப்பது. ஹத்தா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மென்னானா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏண்டி, கூஸ்கூஸ் ரவை எப்படி வேகுது? தண்ணியத் தொடுதா?"

"தொடாது. மேல்தட்டுல இருக்கும்."

"ஆனா வேகுதில்ல? அதான். ஆவியும் தண்ணிதான். பையைக் கட்டிட்டு உள்ள போனது நான் இல்ல, கூஸ்கூஸ். இந்தக் கால் ஆறுற வரைக்கும் நான் சூட்டறைக்குள்ள போகக் கூடாது."

ஹத்தா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், சரியாகச் சொன்னாள். பதினேழு வருஷமாக நான் சொன்ன எதுவும் அந்த மண்டையில் ஏறியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வலி இல்லாததைப் பற்றி நான் சொன்ன நாளன்று, மென்னானா ஹத்தாவிடம், "காலு ஊமையாயிடுச்சுடி. சுட்டாலும் கூப்பிடாது. நாமதான் தெனமும் போய்ப் பார்க்கணும்" என்றாள். ஆனால் பார்ப்பது எப்படி? முதுகு வளையாது. தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. கண்ணாடி வாங்கி வருகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த தேநீர்த் தட்டை எடுத்தாள். கல்யாணச் சீராக வந்த வெண்கலத் தட்டு. வாராவாரம் எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். அதைத் தரையில் போட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, காலை மேலே நீட்டினாள். காயம் தெளிவாகத் தெரிந்தது. இது என் புத்திக்கு எட்டியே இருக்காது.

தேநீருக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். "விருந்தாளிக்கு இனிப்பில்லாத டீ கொடுத்தா என்னைக் கஞ்சப் பிசினாறின்னு சொல்லுவாங்க. அது முடியாது." தனக்கென்று சின்னக் கெண்டி ஒன்று எடுத்துக்கொண்டாள். அதில் எட்டிக்காயாகக் கசக்கும் ஷீபாத் தழை மட்டும். முதல் நாள் குடித்துவிட்டு என் ஏழு தலைமுறையையும் திட்டினாள். இரண்டாம் நாளும் திட்டினாள், ஆனால் குடித்தாள்.

வேலைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் இடம் மாற்றிக்கொண்டார்கள். மென்னானா செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில், உலர்ந்த இடத்தில், காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்தாள். ஹத்தா உள்ளே போய் அழுக்குத் தேய்த்தாள். "பூனை நக்குற மாதிரி இருக்கு" என்று ஊரே புகார் சொன்னது. மென்னானா வாசலிலிருந்தே கத்துவாள்: "தோள்பட்டையிலேர்ந்து தேய்டி, மணிக்கட்டால இல்ல."

வாசலில் உட்கார்ந்தவளுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் அவள் எதிரில்தான் செருப்பைக் கழற்றுகிறாள். ஒரு வியாழச் சந்தை நாளில் நான் அங்கே இருந்தேன். யம்னா என்று ஒருத்தி, எங்களிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவள், காலெல்லாம் மருதாணியோடு வந்தாள்.

"உள்ளங்காலக் காட்டு" என்றாள் மென்னானா.

"எதுக்கு?"

"காட்டுடின்னா. உனக்குச் சர்க்கரை இருக்கில்ல? மருதாணிய கைல பூசிக்கோ, எங்க வேணா பூசிக்கோ, உள்ளங்கால்ல வேணாம். புண்ணு வந்தா மூடி மறைச்சிடும். நான் அப்படித்தான் ஏமாந்தேன்."

"வாகா, லல்லா."

"வாகா இங்க செல்லாது. நான் என்ன சொன்னேன், சொல்லு. அப்புறந்தான் வாளி."

யம்னா என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சொன்னாள். இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. அதுவரை மென்னானா வாளியை மடியிலிருந்து எடுக்கவில்லை.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மென்னானா ஒரு துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு வந்தாள். அந்த வயதான டாக்டர் இல்லை. கையில் நாலு கோப்புகளோடு ஓர் இளம் டாக்டர் நின்றுகொண்டே பேசினார். எங்களுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"ஹாஜ்ஜா, நாளைக்குக் காலைல ஆபரேஷன். எலும்பு வரைக்கும் சீழ் எறங்கிடுச்சு, பெருவிரலும் முன்பாதமும் எடுக்கணும். வெறும் வயித்தோட வாங்க. இங்க கைநாட்டு வைங்க. புரிஞ்சுதா?"

காயம் சுருங்கி வந்ததை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். இருந்தும் வெள்ளைக் கோட்டும் முத்திரை குத்திய தாளும் கண்முன்னால் நீட்டப்பட்டபோது, உள்ளே எலும்பு கெட்டிருக்கும், அவருக்குத் தெரியாததா என்று தோன்றிவிட்டது. என் வாயிலிருந்து வந்தது:

"வாகா, டாக்டர்."

மென்னானா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"என்ன வாகா? உனக்குப் புரிஞ்சுதா? எனக்குப் புரியல." பிறகு டாக்டரிடம், "மகனே, நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல, ஹாஜ்ஜான்னு கூப்பிடாதே. உக்காரு. நீ சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்து" என்றாள்.

"எனக்கு நேரமில்லம்மா."

"நான் ஒரு நாளைக்கு முப்பது முதுகு தேய்க்கிறவ. நேரம்னா என்னன்னு எனக்கும் தெரியும். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எலும்பு வரைக்கும் சீழ் எறங்கிடுச்சு, அதனால வெட்டணுங்கற. அப்படித்தானே?"

"ஆமா."

"எப்ப பார்த்தே?"

அவர் கோப்பைத் தொட்டார். "இதுல எழுதியிருக்கு."

"எழுதினது என்னைக்கு?"

அவர் தாளைப் புரட்டினார். ஆறு வாரத்துக்கு முந்தைய எழுத்து அது. மென்னானா மூட்டையை அவிழ்த்துத் தேநீர்த் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அன்னைக்கு அவரைக்கொட்டை அளவு, ஓரம் கறுப்பு. மூணாவது வாரம் செவ்வாக்கிழமை கறுப்பு போய்ச் செவப்பாச்சு. குதிகால் பக்கத்துலேர்ந்து தோல் வருது. போன வாரம் கொண்டைக்கடலை. இன்னைக்குக் காலைல மசூர்ப் பருப்பு அளவு. சீழ் நின்னு பதினேழு நாளாச்சு. தெனமும் இதுல பார்க்கிறேன். நீ கட்டையே இன்னும் பிரிக்கல, மகனே."

அந்தப் பையன் முகம் சிவந்துபோனது. ஆனால் நல்ல பிள்ளை. கோப்புகளைக் கீழே வைத்துவிட்டுத் தானே கட்டைப் பிரித்தார். எலும்பு தட்டுகிறதா என்று காயத்துக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் மரப் பெஞ்சில் காத்திருந்தோம். நான் தொழுதேன், அவள் தட்டைத் துடைத்தாள்.

திரும்பி வந்தவர், கைநாட்டு வைக்க வேண்டிய தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டார். "எலும்பு சுத்தமா இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். இன்னும் ரெண்டு வாரம் சூட்டறைக்குள்ள போகாதீங்க. அப்புறமும் மூடின செருப்பு இல்லாம ஈரத்துல நிக்கவே கூடாது. மாட்டுறதுக்கு முன்னால உள்ள கையை விட்டு, கல்லு கில்லு இருக்கான்னு பாருங்க." புரிந்ததா என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "எங்க, நான் என்ன சொன்னேன்?" என்றார்.

மென்னானா ஒன்று விடாமல் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி வழியில் அவளே பேசினாள்.

"இப்ப நீ சொல்லு. டாக்டர் என்ன சொன்னார்?"

"சூட்டறைக்குள்ள ரெண்டு வாரம் போகக் கூடாது. அப்புறமும் மூடின செருப்பு. மாட்டுறதுக்கு முன்னால கையை விட்டுப் பார்க்கணும்."

"ஒண்ணு விட்டுட்டே."

எனக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "என்ன விட்டேன், லல்லா?"

"கால் இருக்குன்னார். அத முதல்ல சொல்லணும்."

"கால் இருக்கு, லல்லா" என்றேன்.

ஆறு வாரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மடியில் இருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இறங்கும்போது, செருப்பைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினாள்.